இயக்கத்தை அளந்தவர் கலிலேயோ

ஓடும் பேருந்தில் நின்றபடி பயணம் செய்யாதவர்கள் நம்மில் மிகச் சிலரே. பேருந்து ஒரே சீராக ஓடும்வரை நாம் கைப்பிடியைக்கூட மறந்து பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டதும் எல்லாரும் முன்னால் சாய்கிறோம். பின்னாலிருந்து யாரும் நம்மைத் தள்ளவில்லை. பேருந்து நின்றுவிட்டது; நம் உடலோ தான் கொண்டிருந்த வேகத்தை விடவில்லை. இதற்கு நிலைமம் என்று பெயர் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். படித்து, தேர்வு எழுதி, மறந்தும்விட்டோம்.

இந்தச் சிறிய உண்மையைத் தெளிவாகக் கண்டுகொள்ள மனித இனத்திற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்கு வழி திறந்தவர் நம் திருஅவையின் மகன் ஒருவர். அவரையே நம் திருஅவை மண்டியிட வைத்துக் கருத்தை மறுக்கச் செய்தது. இந்த மூன்றையும் நாம் சேர்த்து நினைப்பதில்லை. மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கலிலேயோவைப் பற்றிக் கேட்டால், அது பழைய கதை என்று சொல்லி நாம் அடுத்த பாடத்திற்குப் போனதுண்டு. பிள்ளைகள் கேட்பது நேர்மையான கேள்வி. அதற்குரிய பதில் அவருடைய வாழ்க்கையில்தான் இருக்கிறது.

கலிலேயோ கலிலேய் 1564ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ ஓர் இசைக் கலைஞர். ஒரு தந்தியில் எவ்வளவு எடையைக் கட்டினால் சுருதி எவ்வளவு உயரும் என்று கட்டிப்பார்த்துச் சோதித்தவர். ஏட்டில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்காமல் கையால் செய்து பார்க்கும் பழக்கத்தை மகன் கற்றது அந்த வீட்டில்தான். சிறுவயதில் வல்லொம்புரோசா துறவு மடத்தில் படித்த கலிலேயோ, அங்கேயே துறவியாகிவிட விரும்பினார். தந்தை அதை விரும்பாமல் வீட்டுக்கு அழைத்து வந்து, 1581ஆம் ஆண்டு மருத்துவம் படிக்க பீசா பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். மகனின் மனமோ கணிதத்தில் இருந்தது. பட்டம் பெறாமலேயே 1585இல் வெளியேறினார். ஆனாலும் 1589இல் அதே பல்கலைக்கழகத்திற்குக் கணித ஆசிரியராகத் திரும்பி வந்தார். 1591இல் தந்தை இறந்ததும், தம்பி தங்கையரின் பொறுப்பும் சீதனக் கடனும் அவர் தோளில் விழுந்தன. 1592இல் பாதுவா பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 18 ஆண்டுகள் அங்கே கற்பித்தார்.

அந்நாளில் இயக்கம் பற்றிய பாடம் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் பாடமாகவே இருந்தது. ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டுமானால், அதைத் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ ஒன்று இருக்கவேண்டும் என்றார் அவர். எடை மிகுந்த பொருள் வேகமாக விழும், எடை குறைந்தது மெதுவாக விழும் என்றும் கற்பித்தார். இவை அறிவற்ற கருத்துக்கள் அல்ல. மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நின்றுவிடுகிறது. கல் விழும் வேகத்தில் இறகு விழுவதில்லை. அன்றாடம் கண் காண்பதைத்தான் அவர் சொன்னார். ஆயினும் வில்லைவிட்டுப் புறப்பட்ட அம்பை வானில் எது தள்ளுகிறது என்ற கேள்விக்கு அந்தப் பாடத்தில் நல்ல விடை இல்லை. பின்னால் வரும் காற்றே தள்ளுகிறது என்று சொல்லப்பட்டது. 14ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரில் ஜான் புரிதான் இதை ஐயுற்றார். பின்னாளில் லிசியே நகரின் ஆயரான நிக்கோல் ஒரேம், சீராகக் கூடிச்செல்லும் வேகத்தை வரைபடமாக வரைந்து காட்டினார். கேள்வி கேட்டவர்கள் திருஅவைக்குள் முன்பே இருந்தார்கள் என்பதை நாம் மறக்கவேண்டாம்.

பீசாவின் சாய்ந்த கோபுரத்திலிருந்து கலிலேயோ இரண்டு குண்டுகளைக் கீழே போட்டார் என்ற கதை நமக்குத் தெரியும். அது அவருடைய சீடர் விவியானி எழுதிவைத்த செய்தி. அப்படியே நடந்ததா என்று வரலாற்று அறிஞர்கள் பலர் ஐயுறுகிறார்கள். அதைவிட உறுதியானதும் அழகானதும் பாதுவாவில் அவர் செய்த வேலை. விழும் பொருள் கண் இமைக்கும் நேரத்தில் தரையைத் தொட்டுவிடுகிறது. நொடியைத் துல்லியமாக அளக்கும் கடிகாரமோ அவரிடம் இல்லை. எனவே அவர் விழுதலை மெதுவாக்க ஒரு வழி கண்டார். ஏறத்தாழ 12 முழம் நீளமுள்ள மரச்சட்டத்தில் நேரான பள்ளம் வெட்டி, அதை வழவழப்பாக்கி, உள்ளே மெல்லிய தோலை ஒட்டினார். சட்டத்தின் ஒரு முனையைச் சிறிது உயர்த்தி வைத்து, உருண்டையான வெண்கலக் குண்டை அதில் உருளவிட்டார். நேரத்தை எப்படி அளந்தார்? ஒரு பெரிய பாத்திரத்தில் நீர் நிரப்பி, அடியில் சிறு குழாய் வைத்து, குண்டு உருளும் நேரம் மட்டும் ஒழுகிய நீரைக் கிண்ணத்தில் பிடித்துத் தராசில் நிறுத்தார். நீரின் எடையே நேரத்தின் அளவாயிற்று. ஒருமுறை இருமுறை அல்ல, நூறு முறை திருப்பித் திருப்பிச் செய்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு ஓர் எளிய எண் வரிசை. முதல் நேரப் பகுதியில் குண்டு 1 பங்கு தூரம் சென்றால், இரண்டாம் பகுதியில் 3 பங்கு, மூன்றாவதில் 5, நான்காவதில் 7 பங்கு செல்கிறது. கூட்டிப் பார்த்தால் 1, 4, 9, 16 என்று வருகிறது. அதாவது நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு; நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு. இன்றைய அளவில் சொன்னால், மேலிருந்து விடப்படும் கல் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழுகிறது, இரண்டாம் நொடியில் 15 மீட்டர், மூன்றாம் நொடியில் 25 மீட்டர். காற்றின் தடை குறைவாக இருக்கும்வரை கல் பெரிதானாலும் சிறிதானாலும் இது மாறுவதில்லை. பெரிய கல்லைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது என்பது உண்மையே. ஆனால் பெரிய கல்லை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினம். இரண்டும் ஈடாகிவிடுவதால் இரண்டு கற்களும் சேர்ந்தே தரைக்கு வருகின்றன. 1971 ஆகஸ்டு 2ஆம் நாள் அப்பொல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றே இல்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

இந்த விதியின் எண்களை கலிலேயோ 1604இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விளக்கம் தவறானது. விழுந்த தூரத்திற்கு ஏற்ப வேகம் கூடுகிறது என்று அப்போது நினைத்தார். கழிந்த நேரத்திற்கு ஏற்பவே வேகம் கூடுகிறது என்று பின்னர் கண்டதும், தம் முந்தைய கருத்தைத் தாமே தள்ளிவிட்டார். தம் தவற்றைத் தாமே திருத்திக்கொள்ளும் இந்தப் பண்பை நாம் இங்கே குறித்துவைப்போம்.

சாய்தளம் அவருக்கு இன்னொன்றையும் கற்பித்தது. சரிவில் இறங்கும் குண்டின் வேகம் கூடுகிறது. மேட்டில் ஏறும் குண்டின் வேகம் குறைகிறது. அப்படியானால் மேடும் இல்லாத, சரிவும் இல்லாத சமதளத்தில் என்ன ஆகும்? வேகம் கூடவும் காரணம் இல்லை, குறையவும் காரணம் இல்லை. உராய்வு என்ற தடை மட்டும் இல்லாவிட்டால் குண்டு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்! அரிஸ்டாட்டிலின் பாடம் இங்கே தலைகீழாகிறது. ஓடுவதற்கு விசை தேவையில்லை. ஓட்டத்தை மாற்றத்தான் விசை தேவை. வண்டி நிற்பது இழுப்பவர் இல்லாததால் அன்று, சக்கரமும் தரையும் உராய்ந்து அதைத் தடுப்பதால். மேசையின் விளிம்பிலிருந்து உருண்டு விழும் குண்டு ஏன் வளைந்து விழுகிறது என்பதும் இதனால் அவருக்கு விளங்கியது. முன்னோக்கிய ஓட்டம் மாறாமல் தொடர்கிறது, கீழ்நோக்கிய விழுதல் கூடிக்கொண்டே போகிறது, இரண்டும் சேர்ந்து பரவளைவு என்ற வளைகோட்டை வரைகின்றன. எறியப்பட்ட பந்தும் பீரங்கிக் குண்டும் செல்லும் பாதை இதுவே.

இவற்றையெல்லாம் நூலாக எழுதும் முன்னரே 1609ஆம் ஆண்டு வந்தது. தொலைநோக்கி அவர் கைக்கு வந்தது. நிலவின் மலைகளையும், வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களையும் கண்டு, 1610இல் வெளியிட்டார். உரோமைக் கல்லூரியின் இயேசு சபை அறிஞர்கள் அவற்றைத் தாங்களும் பார்த்து உறுதிசெய்து, 1611இல் அவரை விழா எடுத்துப் பாராட்டினார்கள். அவர் புகழின் உச்சியில் இருந்தார். போலந்து நாட்டு மறைமாவட்டப் பேராலயக் கனோன் கோப்பர்னிக்கஸ் 1543இல் சொன்னது போல, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கலிலேயோ வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்.

அப்போது எழுந்த எதிர்ப்பு மறைநூலை மட்டும் சார்ந்ததன்று. யோசுவா நூலில் சூரியன் நின்றதாகச் சொல்லப்படுகிறதே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதே அளவுக்கு வலிமையான மற்றொரு கேள்வியும் இருந்தது. பூமி இத்தனை வேகத்தில் சுழல்கிறது என்றால் நமக்கு ஏன் தெரியவில்லை? மேலே எறிந்த கல் ஏன் பின்தங்கிப்போய் விழவில்லை? பறவைகள் ஏன் பின்னால் விடப்படவில்லை? நியாயமான கேள்விகள்தாம். நிலநடுக்கோட்டில் பூமியின் சுழற்சி மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகம் என்று இன்று நமக்குத் தெரியும்.

1632இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில் கலிலேயோ இதற்கு ஒரு கப்பலைக் காட்டி விடை சொன்னார். ஒரு பெரிய கப்பலின் கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத அறையில் நாம் இருப்பதாக எண்ணிப் பார்ப்போம். அங்கே சில பூச்சிகள் பறக்கின்றன, தொட்டியில் மீன்கள் நீந்துகின்றன, மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள குடுவையில் விழுகிறது. கப்பல் நிற்கும்போது இவற்றை நன்றாகப் பார்த்துக்கொள்வோம். பிறகு கப்பல் எவ்வளவு வேகமாகச் சென்றாலும், குலுங்காமல் ஒரே சீராகச் சென்றால், சொட்டு அதே குடுவைக்குள்தான் விழும். மீன்களும் பூச்சிகளும் எல்லாப் பக்கமும் முன்போலவே செல்லும். ஏனெனில் கப்பலின் வேகம் அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஏற்கனவே இருக்கிறது. உள்ளே இருப்பவற்றை மட்டும் பார்த்துக் கப்பல் நிற்கிறதா ஓடுகிறதா என்று நம்மால் சொல்லவே முடியாது. ஓடும் பேருந்தில் நாம் மறந்து பேசிக்கொண்டிருப்பதும் இதனால்தான். சீரான ஓட்டத்தை உடல் உணர்வதில்லை. மாற்றத்தை மட்டுமே உணர்கிறது.

1640இல் பியர் கசந்தி என்ற கத்தோலிக்கக் குரு, மார்செய் துறைமுகத்தில் ஓடும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து கற்களைப் போட்டுப் பார்த்தார். அவை பின்தங்காமல் மரத்தின் அடியிலேயே விழுந்தன. பொலோஞ்ஞா நகரில் இயேசு சபையின் இரிச்சோலியும் கிரிமால்தியும் அசினெல்லி கோபுரத்திலிருந்து குண்டுகளை விழச்செய்து, கலிலேயோவின் 1, 3, 5, 7 என்ற வரிசை சரியே என்று கண்டார்கள். பூமி சுற்றுகிறது என்பதை ஏற்காத இரிச்சோலி, தம் அளவீடு காட்டியதை மறைக்காமல் 1651இல் நூலாக வெளியிட்டார். அவருடைய நேர்மையையும் நாம் போற்றவேண்டும்.

ஆனால் உரோமையில் நடந்தது வேறு. 1616இலேயே கோப்பர்னிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் கருத்தைக் கைக்கொள்ளவோ அதற்காக வாதாடவோ கூடாது என்று கர்தினால் இராபர்ட் பெல்லார்மின் கலிலேயோவிடம் அறிவித்தார். பின்னாளில் புனிதரான பெல்லார்மின் குறுகிய மனத்தினர் அல்லர். உண்மையான சான்று கிடைத்தால் மறைநூல் பகுதிகளை நாம் புரிந்துகொண்ட விதத்தை மிகக் கவனமாக மறுபடி ஆராயவேண்டும் என்று 1615இல் எழுதியவர். கலிலேயோவிடமோ அன்று முழுமையான சான்று இல்லை. கடலின் ஏற்றவற்றமே சான்று என்று அவர் சொன்னது தவறு. அவருடைய நாவும் கூர்மையானது. எதிர்த்தவர்களை அவர் ஏளனம் செய்யத் தயங்கியதில்லை. ஒருகாலத்தில் அவரைப் புகழ்ந்து கவிதை எழுதிய நண்பர், திருத்தந்தை எட்டாம் உர்பான். அந்தத் திருத்தந்தையின் கருத்தையே தம் நூலில் எல்லா விவாதத்திலும் தோற்கும் பாத்திரத்தின் வாயில் கலிலேயோ வைத்தார். நட்பு பகையாயிற்று.

இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1633 ஜூன் 22ஆம் நாள், உரோமையில் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா துறவு மடத்தில், 69 வயது முதியவர் ஒருவர் மண்டியிட்டு, தாம் உண்மை என்று நம்பிய ஒன்றை மறுத்துரைக்க வைக்கப்பட்டார். அவருடைய நூல் தடைசெய்யப்பட்டது. சிறைத் தண்டனை பின்னர் வீட்டுக்காவலாக மாற்றப்பட்டு, அது வாழ்நாள் முழுவதும் நீடித்தது. வாரம் ஒருமுறை ஏழு மனமாற்றத் திருப்பாடல்களை மூன்று ஆண்டுகளுக்குச் சொல்லவேண்டும் என்பதும் தீர்ப்பின் ஒரு பகுதி.

அந்தத் திருப்பாடல்களைத் தந்தைக்குப் பதிலாகச் சொல்லும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டார். அவர் கலிலேயோவின் மூத்த மகள், அருள்சகோதரி மரிய செலஸ்தே. கலிலேயோ முறைப்படி மணம் முடிக்காமல் மரீனா கம்பா என்ற பெண்ணோடு வாழ்ந்து மூன்று பிள்ளைகளைப் பெற்றவர். மகள்களுக்கு மணம் அமைவது கடினம் என்று எண்ணி, 1613இல் 13 வயது விர்ஜீனியாவையும் 12 வயது லிவியாவையும் அர்ச்செத்ரியில் உள்ள புனித மத்தேயு கிளாரா சபை மடத்தில் சேர்த்துவிட்டார். இதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அங்கே மரிய செலஸ்தே என்ற பெயர் பெற்ற விர்ஜீனியா, வறுமை மிகுந்த அந்த மடத்திலிருந்து தந்தையின் கழுத்துப்பட்டைகளை வெளுத்துக் கொடுத்தார், அவருக்கு இனிப்பு செய்து அனுப்பினார், விசாரணை நாட்களில் கடிதங்களால் தேற்றினார். அவர் எழுதிய 124 கடிதங்கள் இன்றும் உள்ளன. தந்தை எழுதியவை ஒன்றும் கிடைக்கவில்லை. 1633 டிசம்பரில் கலிலேயோ அர்ச்செத்ரி வீட்டுக்குத் திரும்பினார். நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. 1634 ஏப்ரல் 2ஆம் நாள் மரிய செலஸ்தே தமது 33ஆம் வயதில் காலமானார்.

தண்டனை, தனிமை, மகளின் மறைவு ஆகிய இவற்றுக்குப் பிறகுதான் கலிலேயோ தம் வாழ்வின் மிகச் சிறந்த வேலையை முடித்தார். தீர்ப்புக்குப் பின் அவரைத் தம் இல்லத்தில் ஏற்று, விருந்தினராக மதித்து, மனம் தேற்றி எழுதத் தூண்டியவர் சியன்னா பேராயர் அஸ்கானியோ பிக்கொலோமினி. அங்கே தொடங்கி அர்ச்செத்ரியில் முடித்த நூலில்தான் பாதுவா நாட்களின் சாய்தளமும், வெண்கலக் குண்டும், ஒழுகும் நீரும், பரவளைவும் இடம்பெற்றன. இத்தாலியில் அச்சிட வழியில்லாததால், இரண்டு புதிய அறிவியல்கள் பற்றிய அந்நூல் 1638இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் வெளிவந்தது. அது கைக்கு வந்தபோது அவர் கண்பார்வையை முற்றிலும் இழந்திருந்தார். இளைஞர் விவியானியும், இறுதி மாதங்களில் தொரிச்செல்லியும் உடனிருக்க, 1642 ஜனவரி 8ஆம் நாள் கத்தோலிக்கராகவே உயிர்நீத்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் இங்கிலாந்தின் ஐசக் நியூட்டன். 1687இல் அவர் மூன்று விதிகளை வகுத்தார். வெளி விசை இல்லாதவரை, நிற்பது நின்றுகொண்டேயிருக்கும், ஓடுவது நேர்கோட்டில் அதே வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும் என்பது முதல் விதி. விசை கூடினால் இயக்கத்தின் மாற்றம் கூடும், நிறை கூடினால் அதே விசை தரும் வேகமாற்றம் குறையும் என்பது இரண்டாவது. படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் போவதுபோல், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது மூன்றாவது. முதல் இரண்டு விதிகளும் கலிலேயோ அறிந்தவையே என்று நியூட்டன் மனமுவந்து எழுதினார்.

திருஅவையோ மெதுவாகவே அசைந்தது. 1758இல் பூமி சுற்றுகிறது என்று சொல்லும் நூல்கள் மீதான பொதுத்தடை நீங்கியது. 1835ஆம் ஆண்டுத் தடைநூல் பட்டியலில் கலிலேயோவின் பெயர் இல்லை. 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருஅவையினரின் கையால் கலிலேயோ துன்புற்றார் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். 1981இல் ஆய்வுக்குழு அமைத்து, 1992 அக்டோபர் 31ஆம் நாள் அன்றைய இறையியலாளர்களின் தவற்றை ஏற்றுக்கொண்டார். 1633இலிருந்து கணக்கிட்டால் 359 ஆண்டுகள். கனமான பொருளின் ஓட்டத்தை மாற்றப் பெரிய விசை தேவை என்பது இயற்பியல் விதி. பெரிய அமைப்புக்களிலும், வயதான மனங்களிலும் இதையே நாம் காண்கிறோம். நம் பங்கிலும், நம் குடும்பத்திலும், நம்மிலும் காண்கிறோம்.

கலிலேயோவை முதலில் புளோரன்ஸ் சாந்தா குரோச்சே ஆலயத்தின் ஒதுக்குப்புறமான சிறு அறையில் அடக்கம் செய்தார்கள். நினைவுச்சின்னம் எழுப்ப அன்று அனுமதி கிடைக்கவில்லை. 1737இல் அவரது உடலை ஆலயத்தின் பெருங்கல்லறைக்கு மாற்றத் திறந்தபோது, அவரோடு ஒரு பெண்ணின் எலும்புகளும் இருக்கக் கண்டார்கள். அவை மரிய செலஸ்தேயுடையவை என்று கருதப்படுகிறது. இருவரும் இப்போது ஒரே கல்லறையில் துயில்கிறார்கள்.

அன்பு வாசகர்களே, 1633இல் தீர்ப்பு வழங்கியவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்கள் சன்னல் இல்லாத அறையில் இருந்தார்கள். கப்பல் சீராகச் சென்றுகொண்டிருந்ததால், அது நிற்கிறது என்றே உறுதியாக நம்பினார்கள். வெளியே பார்த்துவிட்டு வந்து சொன்னவரை வாயடைக்கச் செய்தார்கள். நாமும் ஏதோ ஓர் அறைக்குள்தான் இருக்கிறோம். வெளியே பார்த்துவிட்டு வந்து நம்மிடம் பேசுகிறவர், நம் வீட்டுப் பிள்ளையாகவோ, பங்குப் பேரவையில் எல்லாரும் எரிச்சலோடு கேட்கும் ஓர் உறுப்பினராகவோ இருக்கலாம். அவர் சொல்வதெல்லாம் சரியாக இருக்காது. கலிலேயோ சொன்னதும் எல்லாம் சரியாக இருக்கவில்லை. ஆனாலும் நிறுத்துப் பார்க்கும் வரையாவது அவரைப் பேச விடுவோம். அடுத்த முறை மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை கலிலேயோவைப் பற்றிக் கேட்டால், அடுத்த பாடத்திற்குப் போகாமல் உட்கார்ந்து, முழுக் கதையையும் சொல்லுவோம்.